திக்கல் தீராது என்று தெரிந்தபின் என்ன செய்வது? கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக்கூடம் முடித்து, வேலைக்கும் சேர்ந்து, இன்னமும் திக்கிப் பேசுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "வளர்ந்தா சரியாயிடும்" என்று சொன்னவர்களெல்லாம் சொல்லி ஓய்ந்துவிட்ட வயது இது. எங்கே போவது, யாரிடம் கடிதம் வாங்குவது, எவ்வளவு செலவாகும், எத்தனை மாதம் காத்திருப்பது என்று எனக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. பேசுவதே சிரமமாக இருக்கும்போது கவுண்டர் கவுண்டராகப் போய் வாயால் கேட்டுத்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

திக்கலை ஒழிக்கும் வழி இந்தக் கட்டுரையில் இல்லை. திக்கல் கூடவே இருக்கும் என்று வைத்துக்கொண்டு படிப்பு, வேலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்தான் இருக்கின்றன.

1. உங்கள் திக்கல் எந்த வகை என்று பாருங்கள்

பெரும்பாலும் திக்கல் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் நடுவில் தொடங்குகிறது. அப்படித் தொடங்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அது நின்றுவிடுகிறது. மீதிப் பேர்தான் நாம். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதிலும் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள். பதின்ம வயதையும் தாண்டித் தங்கிவிட்ட திக்கல் அடியோடு போவது அபூர்வம். குறையும், கூடும், சில மாதம் காணாமல்கூடப் போகும், திரும்பவும் வரும்.

பேச்சுத் தசைகளை நேரம் தவறாமல் இயக்கும் மூளைப் பகுதிகள் நமக்குச் சற்று வேறுவிதமாக வேலை செய்கின்றன. பரம்பரையும் இதில் உண்டு. அப்பா கண்டித்ததால் வந்தது, பேயைப் பார்த்துப் பயந்ததால் வந்தது, தாய்மாமனைப் பார்த்துப் பழகிக்கொண்டது என்று வீட்டில் சொல்வதெல்லாம் சரியில்லை. பயமும் களைப்பும் அவசரமும் திக்கலைக் கூட்டும். உண்டாக்காது. உங்கள் மேலும் பெற்றோர் மேலும் இருக்கும் பழியை இந்த இடத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள். அந்தப் பாரத்தோடு மேலே போனால் ஒவ்வொரு படியிலும் இடறும்.

இரண்டு பேருக்கு மட்டும் இந்த வழிகாட்டி பொருந்தாது. வீட்டில் சின்னப் பிள்ளை திக்க ஆரம்பித்திருந்தால், "தானா போயிடும்" என்று உட்கார்ந்திருக்காமல் இப்போதே பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். பள்ளிக்கு முந்திய வயதில்தான் சிகிச்சைக்குப் பலன் அதிகம். ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் என்ற முறையில் சிகிச்சையாளர் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க, பெற்றோரே வீட்டில் அதைச் செய்கிறார்கள். அடுத்தது, இதுவரை சரளமாகப் பேசிய பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று பேச்சு தடுமாறினால் அது நம் விஷயம் அல்ல. பக்கவாதமாக இருக்கலாம். நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

2. காசும் காலமும் கரையும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

நாக்கில் வசம்பு தேய்ப்பது, வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பேசச் சொல்வது என்று ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். இவற்றால் திக்கல் குறையாது. கூழாங்கல் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டினால் பேச்சு வந்துவிடும் என்று சொல்லிச் சிலர் பணம் வாங்குகிறார்கள். அந்தச் சவ்வுக்கும் திக்கலுக்கும் தொடர்பே கிடையாது. திக்கலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரையும் இதுவரை இல்லை.

இவற்றையெல்லாம்விடக் கையைக் கடிப்பவை "சில நாளில் நிரந்தரத் தீர்வு" என்று விளம்பரம் செய்யும் வகுப்புகள். அங்கே சொற்களை இழுத்து இழுத்து, ஒரே தாளத்தில் பேச வைப்பார்கள். அப்படிப் பேசினால் யாருக்கும் திக்கல் குறையும். கடைசி நாளில் வீடியோ எடுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தப் பேச்சோடு வீட்டுக்கு வந்து வேலைக்கும் போய்ச் சில வாரங்கள் ஆனதும் பழைய திக்கல் திரும்பிவிடும். வந்தவருக்குத் தன் முயற்சி போதவில்லை என்ற வேதனைதான் மிஞ்சும். பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே படித்தவர் ஓராண்டு கழித்து எப்படிப் பேசுகிறார்? அதற்குப் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "மூணு மொழி சேர்ந்து பிள்ளையைக் குழப்புது, வீட்டுல தமிழை நிறுத்துங்க" என்று படித்தவர்களே அறிவுரை சொல்கிறார்கள். பல மொழி பேசுவதால் திக்கல் வருவதில்லை. ஒரு மொழியை நிறுத்தினால் திக்கல் நிற்பதுமில்லை. தமிழை நிறுத்தினால் அந்தப் பிள்ளை பாட்டியோடு பேசாமல் போவதுதான் நடக்கும். நமக்கு ஒரு மொழியில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் திக்கலாம். அது சகஜம்.

தேவாரம் பாடும்போது திக்குவதில்லையே, அப்படியானால் பேசும்போது நடிக்கிறானா என்று கோயிலில் கேட்பவர்கள் உண்டு. பாடும்போதும், மற்றவர்களோடு ஒரே குரலில் சொல்லும்போதும் ஏறக்குறைய எல்லாருக்குமே திக்கல் மறைந்துவிடும். உலகம் முழுக்க இப்படித்தான். நீங்கள் நடிக்கவில்லை. கேட்பவரிடம் இதை அப்படியே சொல்லலாம்.

3. கடிதம் வாங்குங்கள்

அரசாங்க மருத்துவமனையில் பேச்சுச் சிகிச்சைக்கு நேரே போய் நிற்க முடியாது. டாக்டரின் ரெஃபரல் கடிதம் வேண்டும். மலாயில் கேட்பதானால் சூராட் ருஜுக்கான்.

சுலபமான வழி உங்கள் வட்டாரத்துக் கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்தான். மைசெஜாத்ரா செயலியிலேயே நேரம் பதிந்துகொள்ளலாம், போன் போட வேண்டியதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. அசல் ஐசியை (அடையாள அட்டையை) கொண்டுபோங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் வேறு, பல மடங்கு கூடும். தனியார் டாக்டரிடமும் கடிதம் வாங்கலாம். ஆனால் அந்தக் கடிதத்தோடு அரசாங்க நிபுணர் கிளினிக்குக்குப் போனால் முதல் வருகைக்கு 30 வெள்ளி வாங்குவார்கள். அவசரம் இல்லையென்றால் ஒரு வெள்ளி வழியே போதும்.

அறைக்குள் போனதும் டாக்டருக்கு உங்களுக்காக இருப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்துக்குள் வாய் பூட்டிக்கொண்டால், சொல்ல வந்ததில் பாதியோடு வெளியே வந்துவிடுவோம். ஆகவே ஒரு பக்கத்துக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி எடுத்துப் போங்கள். அதில் இவை இருக்கட்டும்:

- எந்த வயதிலிருந்து திக்குகிறது, குடும்பத்தில் வேறு யாருக்கு உண்டு
- எங்கே அதிகம்: போனிலா, பெயர் சொல்லும்போதா, கூட்டத்திலா
- எதையெல்லாம் இதனால் தவிர்க்கிறீர்கள். பதவி உயர்வு, வகுப்பில் கேள்வி கேட்பது, கல்யாண வீடு, எதுவானாலும் எழுதுங்கள்
- முன்பு சிகிச்சை எடுத்ததுண்டா
- கடைசி வரியாக: தெராப்பி பெர்துத்துரானுக்கு (பேச்சுச் சிகிச்சைக்கு) கடிதம் வேண்டும்

மூன்றாவது வரிதான் முக்கியம். டாக்டர் முன்னால் அன்றைக்குப் பார்த்துப் பேச்சு நன்றாக வந்துவிடும். "ஓகேதானே பேசுறீங்க, ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். நான் போன ஓரிடத்தில் அப்படித்தான் நடந்தது. எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று எழுத்தில் கண்டால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

கடிதத்தை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். திக்கல் என்ற விவரம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். "பதற்றம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது மனநலப் பிரிவுக்குப் போய்ச் சேரும். மனநலப் பிரிவுக்குப் போவதில் குறை ஒன்றும் இல்லை. பல வருடம் திக்கியவர்களுக்குக் கூட்டத்தைக் கண்டால் அச்சம் சேர்ந்துகொள்வது உண்டு, அதற்குத் தனியே உதவி கேட்கலாம். ஆனால் பேச்சுச் சிகிச்சைக்கு வரிசை நீளம். தவறான பிரிவுக்குப் போன கடிதத்தால் அந்த வரிசையில் உங்கள் இடம் பல மாதம் பின்னால் போய்விடும்.

கடிதத்தை இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.

4. இடம், செலவு, காத்திருப்பு

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பகாங்கில் உள்ள பெரிய மருத்துவமனை உண்டு. இது தவிர இரண்டு பல்கலைக்கழக மருத்துவமனைகள்: லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழகத்தினுடையது, செராஸில் யூகேஎம் எனப்படும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் துவாங்கு முஹ்ரிஸ். பினாங்கில் இருப்பவர்கள் ஜாலான் ரெசிடென்சி பெரியாஸ்பத்திரியில் கேளுங்கள். நிபுணர் கிளினிக்கில் வழக்கமான கட்டணம் 5 வெள்ளி. பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கட்டணம் தனி, அதைவிடக் கூடும்.

கடிதத்தை மின்னஞ்சலிலோ தொலைநகலிலோ அனுப்பினால் போய்ச் சேர்ந்ததா என்று போனில் கேட்கச் சொல்வார்கள். முடிந்தால் நேரே கொண்டுபோய்க் கொடுத்து, தேதி எழுதிய அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். முதல் தேதி பல மாதம் தள்ளித்தான் கிடைக்கும். பேச முடியாத குழந்தைகளும், பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களும் அதே வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே பெரியவர்களின் திக்கலுக்கு முன்னுரிமை குறைவு. யாராவது வராமல் போனால் கூப்பிடுங்கள் என்று சொல்லி வையுங்கள், குறுஞ்செய்தி அனுப்பும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. நாட்டின் முதல் பேச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்பு 1995-ல் யூகேஎம்மில் தொடங்கியது. அதன் கோலாலம்பூர் வளாகம் ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜிஸில் இருக்கிறது, பொதுமக்களுக்கான கிளினிக்கும் உண்டு. மாணவர்கள் சிகிச்சை கொடுப்பார்கள், விரிவுரையாளர்கள் மேற்பார்வை பார்ப்பார்கள். மாணவர் என்றதும் தயங்க வேண்டாம். ஒரு ஆளுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குவது வேறு இடத்தில் கிடைப்பது கடினம். பாடத் தவணை முடிந்தால் ஆள் மாறிவிடுவார் என்பது மட்டும் ஒரு குறை.

தனியாரிடம் ஓர் அமர்வுக்கு நூறு வெள்ளிக்கு மேல்தான். நகருக்குள் இருநூறை ஒட்டியும் கேட்பார்கள். முதல் மதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம். சேருவதற்கு முன் இரண்டைக் கேளுங்கள். ஒன்று, 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி அவர் பதிவு பெற்றவரா? பேச்சு மொழிச் சிகிச்சையாளர் அந்தச் சட்டத்தின் பட்டியலில் வருகிறார், பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. இரண்டு, திக்கிப் பேசும் பெரியவர்களை முன்பு பார்த்திருக்கிறாரா? இங்கே பெரும்பாலானோர் சிறு பிள்ளைகளைத்தான் பார்க்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பழகிய கை நாற்பது வயதுக்காரருக்கு உதவும் என்று நிச்சயமில்லை. பத்து அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இரண்டு அமர்வு போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேலை செய்பவர்களுக்கு: சிகிச்சை நாளுக்கு எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கிடைக்காது, வந்துபோன நேரத்துக்கு டைம் ஸ்லிப்தான் தருவார்கள். அதை உங்கள் அலுவலகம் ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஆண்டு விடுப்பைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

5. சிகிச்சையில் எதைக் கேட்பது

முதல் அமர்வில் "உங்க நோக்கம் என்ன?" என்பார்கள். "திக்காம பேசணும்" என்றால் சரளப் பயிற்சிதான் கிடைக்கும். மூச்சு, மெதுவான தொடக்கம், நீட்டிப் பேசுவது என்று போகும். அந்த அறைக்குள் அழகாக வரும். வெளியே வந்து மருந்தகக் கவுண்டரில் பெயர் கேட்டதும் போய்விடும். சிலருக்கு இந்த முறை கை கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆயுள் முழுக்க ஒவ்வொரு சொல்லையும் காவல் காத்துக்கொண்டு பேசுவது பெரிய உழைப்பு. நான் சொல்லச் சொல்வது வேறு: "திக்கினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கணும், ஒதுங்காம இருக்கணும்." இதை அப்படியே சொல்லுங்கள். சிகிச்சையின் திசையே மாறும்.

அமெரிக்கச் சிகிச்சையாளர் சார்ல்ஸ் வான் ரைப்பர், தானும் திக்கியவர், வகுத்துக் கொடுத்த மூன்று பயிற்சிகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. "கோலாலம்பூர்" என்று சொல்லப் போகிறீர்கள் என்று வையுங்கள். "கோ"-வில் தொண்டை பூட்டிக்கொள்கிறது, தாடை இறுகுகிறது, கண் தானாக மூடுகிறது, தொடையைக் கை தட்டுகிறது. முதல் பயிற்சியில், தள்ளி முட்டி எப்படியோ சொல்லி முடித்த பிறகு நிற்கிறீர்கள். ஓடிப்போய் அடுத்த சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளாமல், ஒரு கணம் விட்டு, அதே சொல்லை இறுக்கம் இல்லாமல் திரும்பச் சொல்கிறீர்கள். இரண்டாவதில், பூட்டு விழுந்த நடுவிலேயே தாடை இறுகியிருப்பதைக் கவனித்து, அதைத் தளர்த்தி, சொல்லை மெதுவாக வெளியே விடுகிறீர்கள். மூன்றாவதில், பூட்டு விழப்போவது முன்கூட்டியே தெரிவதால் தொடங்கும்போதே தளர்வாகத் தொடங்குகிறீர்கள். மூன்றிலுமே திக்கல் இருக்கிறது, போராட்டம் மட்டும் குறைகிறது. முதல் பயிற்சியே கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு மூன்றாவதற்குத் தாவினால் மூன்றுமே நிலைக்காது.

இன்னொன்றும் செய்யச் சொல்வார்கள், கேட்டதும் மனம் மறுக்கும்: வேண்டுமென்றே திக்குவது. கடைக்குப் போய், திக்காத ஒரு சொல்லில் நீங்களாகவே "ரெ-ரெ-ரெண்டு" என்று சொல்ல வேண்டும். திக்கிவிடுவோமோ என்ற அச்சம்தான் திக்கலை இறுக்குகிறது. நீங்களாகவே திக்கிக் காட்டி, எதிரில் இருப்பவர் ஒன்றும் செய்யாமல் சில்லறை கொடுப்பதைப் பார்த்துவிட்டால் அந்த அச்சம் தளரும். தனியாகப் போய் ஆரம்பிக்க வேண்டாம். சிகிச்சையாளரையோ நண்பரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

தமிழ் பேசும் சிகிச்சையாளர் கிடைத்தால் நல்லது, ஆனால் அவர்கள் குறைவு. அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்றுக்கொண்டு, தமிழில் வீட்டில் பழகுங்கள். தமிழில் திக்குவதைப் போனில் பதிவு செய்து கொண்டுபோய்க் காட்டினால் அவர்களுக்கும் உதவியாக இருக்கும்.

6. சொல்லை மாற்றுவதை நிறுத்துங்கள், முன்னாலேயே சொல்லிவிடுங்கள்

மாமாக் சாப்பாட்டுக் கடையில் உங்களுக்குத் தே தாரேதான் வேண்டும். கடை அண்ணன் மேசைக்கு வந்து நிற்கிறார். "த" வராது என்று ஒரு நொடி முன்பே தெரிகிறது. வாய் "மைலோ" என்கிறது. மைலோ வருகிறது, குடிக்கிறீர்கள். கூட இருந்த நண்பருக்கு நீங்கள் திக்குகிறவர் என்பதே தெரியாது, உங்களுக்கு மைலோ பிடிக்கும் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். இப்படிப் பல வருடம் ஓட்டியவர்கள் ஏராளம். மாற்று வார்த்தை தேடும் திறமை வளர வளர, வேலையில் "இவனுக்கு விஷயம் தெரியாது, சுத்தி வளைக்கிறான்" என்ற பெயர் சேரும். திக்குகிறான் என்று தெரிந்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்காது.

மாற்று வார்த்தை இல்லாத ஒரே சொல் சொந்தப் பெயர். அதனால்தான் பலருக்கு அதுவே எல்லாவற்றிலும் கடினம். கவுண்டரில் பெயர் கேட்டால் ஐசியை நீட்டுங்கள், தவறில்லை. ஆனால் புது மனிதரைச் சந்திக்கும்போது ஐசியை நீட்ட முடியாது. அதற்கு ஒரு வாக்கியத்தை மூன்று மொழியிலும் தயாராக வைத்திருங்கள்:

- "எனக்குப் பேச்சு திக்கும். கொஞ்சம் நேரம் எடுக்கும், நானே சொல்லி முடிக்கிறேன்."
- "சாயா காகாப். தோலோங் துங்கு செகெஜாப், யா."
- "ஐ ஸ்டட்டர், சோ கிவ் மீ எ மொமென்ட்."

மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், "சாரி" சேர்க்காதீர்கள். இதைச் சொல்லும்போதே திக்கினால் அதுவும் நல்லதுதான், விளக்கம் தேவைப்படாது. வயதில் மூத்தவர்களிடம் "ஐயா", "அம்மா", "அங்கிள்" சேர்த்துச் சொன்னால் முகம் உடனே மாறும். சிலர் உங்கள் வாக்கியத்தைத் தாங்களே முடிப்பார்கள். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். "நானே சொல்றேன்" என்று ஒருமுறை சொன்னால் போதும்.

போனில் நிலைமை வேறு. பூட்டு விழுந்த நேரத்தில் அந்தப் பக்கம் கேட்பது வெறும் அமைதி. "ஹலோ? ஹலோ? லைன் கிளியரா இல்ல" என்று வைத்துவிடுவார்கள். ஆகவே முதல் சத்தம் ஏதாவது ஒன்று வரட்டும். "ஆ..." என்று இழுத்துத் தொடங்கி, உடனே திக்கும் என்பதைச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் முடியும் வேலையை வாட்ஸ்அப்பில் முடிப்பதும் சரிதான். ஆனால் எல்லாப் போன் அழைப்பையும் மனைவி தலையில் கட்டிவிட்டால் ஓராண்டில் போனைத் தொடவே கை வராது. வாரத்துக்குச் சில அழைப்புகளையாவது நீங்களே எடுங்கள்.

7. பள்ளித் தேர்வு

ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் மலாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் வாய்மொழித் தேர்வு இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் சேர எழுதும் மூவெட் ஆங்கிலத் தேர்வில் நான்கில் ஒரு பங்கு பேச்சு, அதிலும் குழு விவாதம் உண்டு. திக்கும் மாணவருக்கு இது மதிப்பெண் பிரச்சினை. சிறப்புத் தேவையுள்ள தேர்வாளர் என்ற ஏற்பாட்டில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கலாம். பெற்றோர் நேரே போய்க் கேட்கும் விஷயம் அல்ல, பள்ளியின் தேர்வுச் செயலாளர் வழியாகத்தான் போக வேண்டும்.

இங்கே காலக்கணக்குதான் முக்கியம். தேர்வுக்கு டாக்டரின் கடிதமோ சிகிச்சையாளரின் அறிக்கையோ இணைக்க வேண்டும், அந்த அறிக்கைக்கு மருத்துவமனை வரிசை பல மாதம். ஐந்தாம் படிவத்தில் ஆரம்பித்தால் நேரம் போதாது. பிள்ளை மூன்றாம் படிவத்தில் இருக்கும்போதே கடிதம் வாங்கி வரிசையில் நில்லுங்கள். நான்காம் படிவம் தொடங்கியதும் தேர்வுச் செயலாளரைப் பார்த்து, எந்த விண்ணப்பத்தாள், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பு ஆசிரியரிடமும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசுங்கள். பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு, பிள்ளை சம்மதத்தோடு. வரிசைப்படி வாசிக்கச் சொல்லும்போது தன் முறை வரும்வரை அந்தப் பிள்ளை படும் பாடு ஆசிரியருக்குத் தெரிவதில்லை. முதலிலேயே வாசிக்கவிடலாம், இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கவிடலாம். வாசிக்கவே வேண்டாம் என்று ஒதுக்கிவைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.

8. வேலை நேர்காணல்

அழைப்பு வந்ததும் பதில் மின்னஞ்சலிலேயே இரண்டு வரி எழுதுங்கள்: திக்கிப் பேசுவேன், பதில் சொல்லக் கூடுதல் நேரம் எடுக்கும், போன் நேர்காணலுக்குப் பதில் நேரிலோ வீடியோவிலோ வைத்தால் நல்லது. மறைத்து வைத்துப் போனால், அரை மணி நேரமும் திக்காமல் இருப்பதிலேயே கவனம் போய்விடும், கேட்ட கேள்விக்குப் பதில் வராது. இதைப் படித்துவிட்டு அழைப்பையே ரத்து செய்யும் நிறுவனமும் இருக்கலாம். எனக்கு அப்படி ஒன்று நடந்தது, வலித்தது. ஆனாலும் சொல்லிவிட்டுப் போவதே மேல் என்றுதான் சொல்வேன். உள்ளே போன பிறகு தினம் தினம் மறைப்பதைவிட இது குறைந்த விலை.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 வேலை உரிமையைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் மீறுபவருக்கு என்ன தண்டனை என்று அதில் இல்லை. சட்டத்தை நம்பி இறங்குவதைவிட மனிதவளப் பிரிவில் ஒருவரைக் கையில் வைத்துக்கொள்வது உதவும்.

9. ஓகேயு அட்டை

ஓகேயு, அதாவது மாற்றுத்திறனாளி, பதிவு கட்டாயம் அல்ல, இலவசம். ஜேகேஎம் எனப்படும் சமூக நல இலாகாவின் மாவட்ட அலுவலகத்திலோ ஸ்மோகு இணையத்தளத்திலோ விண்ணப்பிக்கலாம். படிவம், ஐசி நகல், கடப்பிதழ் அளவுப் படம், டாக்டர் எழுதிக் கையெழுத்திட்ட மருத்துவப் பகுதி ஆகியவை வேண்டும். ஏழு பிரிவுகளில் பேச்சுக் குறைபாடும் ஒன்று. ஆனால் பேச்சு மற்றவருக்குப் புரியாத அளவுக்கு, நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பதே அளவுகோல். லேசான திக்கலுக்கு டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார். கடுமையான பூட்டு உள்ளவர்கள் சிகிச்சையாளரின் அறிக்கையோடு கேட்டுப் பார்க்கலாம்.

அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் இல்லை, வருமான வரியில் கழிவு உண்டு, அரசாங்க வேலையில் ஓகேயுவுக்கு ஒரு விழுக்காடு என்ற கொள்கையும் இருக்கிறது. அட்டை வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. மாமாவும் சித்தப்பாவும் "பேரு கெட்டுப் போகும்" என்று சொல்வார்கள். படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர்கள் இல்லை.

10. வீட்டில் பேசுங்கள், தேதியைத் தவறவிடாதீர்கள்

பெண் பார்க்கப் போவதற்கு முன் "அங்க அதிகம் பேசாத" என்று சொல்லித்தான் நம் வீடுகளில் கூட்டிப்போகிறார்கள். அதற்கு இணங்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே நீங்கள் திக்குவதை அந்தப் பெண்ணோ பையனோ கேட்கட்டும். பிள்ளைகளுக்கு வருமா என்று கேட்டால், வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், வந்தாலும் சின்ன வயதிலேயே சிகிச்சைக்குப் போகலாம் என்று நேராகச் சொல்லுங்கள்.

அம்மாவிடமும் ஒருநாள் உட்கார்ந்து பேச வேண்டும். "மூச்ச இழுத்து விடு", "மெதுவா பேசு" என்று இத்தனை ஆண்டும் சொன்னவர் அவர். சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் செய்வார்.

சிகிச்சை ஓரளவு கைக்கு வந்ததும் மருத்துவமனையில் தேதிகளைத் தள்ளித் தள்ளிக் கொடுப்பார்கள், பிறகு முடித்துக்கொள்ளலாமா என்பார்கள். புது வேலை, புது வீடு, குழந்தை பிறப்பு என்று வாழ்க்கை மாறும்போது திக்கல் கூடுவது வழக்கம். ஆகவே முடிப்பதற்கு முன் மீண்டும் வர வேண்டியிருந்தால் புதுக் கடிதம் வேண்டுமா, எத்தனை மாதத்துக்குள் வந்தால் வேண்டாம் என்று கேட்டு, தேதி அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் ஒரு தேதிக்குப் போகாமல் இருந்துவிட்டால் பல இடங்களில் ஃபைலை மூடிவிடுகிறார்கள், திரும்பவும் ஒரு வெள்ளிக் கவுண்டரிலிருந்துதான் ஆரம்பம். போக முடியாத நாளில் முதல் நாளே யாரையாவது அனுப்பியாவது தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.